தொட்டித் தேக்கு

பழைய தேக்கு வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், சுருளி சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. நாளெல்லாம் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நிற்பவள் என்பதால் தலைமுடியில் எங்காவது ஒரு மரச்சுருள் தொங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து யாரோ விளையாட்டாகக் கூப்பிட்டார்கள். கணவன் வாயிலும் கடைத்தெருவின் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பட்டறை ஒன்றும் பெரிதில்லை. வண்டி பழுது பார்க்கும் கடைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு பக்கம் கடைசல் இயந்திரம், இன்னொரு பக்கம் இழைக்கும் இயந்திரம், நடுவில் ஓர் ஆள் உடம்பைத் திருப்பும் அளவுக்கு இடம். காற்றுக்கு இருந்தது ஒரே ஜன்னல். அதுவும் எதிரே இருந்த வெல்டிங் கடையின் புகை வருகிறது என்று பாதி நாள் சாத்தியே கிடக்கும். சுருளி கடைந்து கொடுப்பாள். கணவன் அதை வாரச் சந்தையில் விரித்து விற்பான். அவள் பேசாததையெல்லாம் சேர்த்து அவன் பேசுவான்.

அந்தத் தடவை தேக்கைக் கொண்டுவந்தவர் கட்டடம் இடிக்கும் மேஸ்திரி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பல காலமாகப் பூட்டிக் கிடந்த தொழிற்சாலை ஒன்றை அவருடைய ஆட்கள் இடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கனத்த பலகைகள். மேலே கரேலென்று அழுக்கேறி, விளிம்பில் ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி காடி வெட்டப்பட்டு, பார்த்தால் எருமைத்தோல் மாதிரி இருந்தன. சுருளி ஒன்றைத் தூக்கி இயந்திரத்தில் விட்டு ஒரு சீவு சீவினாள். உள்ளே தேன் நிறம். வரிகள் நீளமாக, ஒரு முடிச்சுகூட இல்லாமல் ஓடின. அவளுக்கு அன்று பசிக்கவே இல்லை.

பிறகு என்னென்னவோ செய்தாள். காய் நறுக்கும் பலகை, மாவு உருட்டும் கட்டை, அகப்பை, கிண்ணம், உப்புப் போட்டு வைக்கும் மூடிச் சிமிழ். சந்தையில் கணவன் பலகையை விரலால் தட்டி ஓசை காட்டுவான்.

"இது கப்பலுக்குத் தரை போடுற மரம்ங்க. கடலையே குடிச்சாலும் குடிச்ச மாதிரி காட்டிக்காது. லேபரட்டரி மேஜைக்கும் இதான். ஆசிட் கொட்டினாலும் முகம் சுளிக்காது. உங்க வீட்டு வெங்காயம் இதை என்ன பண்ணிடப் போகுது?"

சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். மிஞ்சிய துண்டுகளை எறிய மனம் வராமல், பல் முளைக்கும் குழந்தைகள் கடிப்பதற்கு வளையங்கள் கடைந்தாள். மணல் தாளால் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, சமையல் எண்ணெய் தடவி வைத்தாள். முதல் வளையம் தங்கையின் மகளுக்குப் போனது. பிறந்ததும் உருண்டையாக, பச்சைக் கவுனில் வீட்டுக்கு வந்ததால் அந்தக் குழந்தைக்குப் பட்டாணி என்று பெயர். பட்டாணி அந்த வளையத்தைப் பிடித்தால் தூக்கத்தில்கூட விடுவதில்லை என்று தங்கை போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த மரம் வேறு தேக்கைப் போல இல்லை என்று சுருளிக்கு இரண்டொரு முறை தோன்றியதுண்டு. கடைசலில் சூடேறும்போது தேக்குக்கே உரிய தோல் வாசனைக்கு அடியில் பூண்டு வதங்குவது போல ஒரு நெடி வரும். பலகையின் வெடிப்புகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும். சுண்ணாம்பு என்று நினைத்து ஊதிவிடுவாள். கொஞ்ச நாளாக இருமல் இருந்தது. மர வேலை செய்கிறவளுக்கு இருமல் வராமல் பாட்டா வரும் என்று அதையும் விட்டுவிட்டாள்.

ஒரு முற்பகலில் மேஸ்திரி பட்டறை வாசலில் வந்து நின்றார். வேறு ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, அடுக்கியிருந்த பலகைகளைப் பெருமையாகப் பார்த்தார்.

"எப்படிம்மா, மரம் பேசுதா?"

"வெண்ணெய் மாதிரி போகுதுண்ணே. இன்னும் இருந்தா சொல்லுங்க."

"இருந்ததெல்லாம் கொடுத்துட்டேன். இந்த மாதிரி மரம் இனிமே கிடைக்காதும்மா. இது எங்க நின்ன மரம் தெரியுமா? தொட்டி. ஆள் உயரத்துக்கு மேல மரத்தொட்டி. இரும்புல வெச்சா அரிச்சுடும்னு தேக்குல கட்டியிருக்கான் அந்தக் காலத்துல. எத்தனை வருஷம் அந்த மருந்து உள்ள கிடந்திருக்கும், ஒரு பலகை உளுத்திருக்கா பாரு."

சுருளி இயந்திரத்தை நிறுத்தாமல்தான் கேட்டாள். "என்ன மருந்துண்ணே?"

"பூச்சி மருந்தும்மா. எலிக்கும் பூச்சிக்கும் வெக்கிற பாஷாணம் இருக்குல்ல, அது காய்ச்சுற கம்பெனி அது. கரையான் கிட்ட வருமா சொல்லு."

நல்ல மரத்துக்கு நற்சான்று கொடுத்துவிட்ட திருப்தியோடு அவர் செம்பைக் கீழே வைத்தார். சுருளியின் கை தானாகப் போய் விசையை அழுத்தியது. இயந்திரம் சுற்றி அடங்கியது. முழங்கை வரைக்கும் அப்பியிருந்த பொடியைப் பார்த்தாள். உதட்டை நக்கப் போனவள் நாக்கைப் பாதியில் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, இதுல நான் சமையல் சாமான் செஞ்சு வித்திருக்கேன்."

மேஸ்திரிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது அவர் முகத்தில் இருந்த பெருமை அப்படியே வழிந்து போனது. "அதான் மேல சீவிடுறியேம்மா," என்றார். கேள்வி மாதிரி இருந்தது அது. அதற்குள் சுருளிக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் தங்கை போன் செய்திருந்தாள். பட்டாணி குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்துவிடுகிறாள், வயிறும் போகிறது என்றாள். பல் முளைக்கும்போது அப்படித்தான் இருக்கும், வளையத்தைக் கையில் கொடு என்று சொல்லி வைத்தது இவள்தான்.

தங்கைக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தாள். பட்டறையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் ஸ்கூட்டரை எடுத்தாள். மேஸ்திரி பின்னால் ஏதோ கூப்பிட்டார், காதில் ஏறவில்லை.

வழியெல்லாம் சிக்னல் விழுந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். பொடி போகவில்லை. சேலையிலும் அதே பொடிதான் இருந்தது.

தங்கை வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. குழந்தை துவண்டு போச்சு பாவம். நீங்க அக்காதானே? உங்களுக்குச் சொல்லலையா?"

சுருளி படியில் இறங்கியது அவளுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவின் நீளமான கூடத்தில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சின்ன உடம்பு கிடந்தது. தங்கை ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கண்கள் குழிவிழுந்து, உதடு வெடித்து, பட்டாணி யாரோ மாதிரி இருந்தாள். ஊசி ஏறாத கையில் அந்தத் தேக்கு வளையம் இருந்தது. சுருளி உள்ளே வந்தபோதுகூட அதை மெல்ல வாய்க்குக் கொண்டுபோய் ஈறில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

சுருளி ஒரே எட்டில் போய் அதைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது.

"என்னக்கா பண்றே?" தங்கை திகைத்துப் போனாள். "அது ஒண்ணுதான் அவளை அழாம வெச்சிருந்துச்சு."

"டாக்டர் எங்க?"

"எதுக்கு? இப்பதான் பார்த்துட்டுப் போனாங்க. கொடுக்கா அதை."

"டாக்டர் எங்கடி?"

அக்காவின் குரல் அப்படி உடைந்து தங்கை கேட்டதில்லை. கை நீட்டி வெளியே காட்டினாள். தங்கையின் கணவன் மருந்துச் சீட்டோடு அப்போதுதான் உள்ளே வந்தான். "வாங்கண்ணி," என்று சொல்லி முடிப்பதற்குள் சுருளி அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

டாக்டரம்மா நின்றுகொண்டே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுருளி வளையத்தை நீட்டினாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தாள். எல்லாம் சிதறிப் போனது. தேக்கு என்றாள், தொட்டி என்றாள், எலி மருந்து என்றாள், நான்தான் செய்தேன் என்றாள். டாக்டரம்மா கோப்பையை வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து வளையத்தை அதற்குள் போடச் சொன்னார்.

"என்ன மருந்துன்னு தெரியுமா? பேரு?"

"பாஷாணம்னு சொன்னாரு மேஸ்திரி."

"ஆர்சனிக்கா இருக்கலாம். எத்தனை நாளா குழந்தை இதை வாயில வெக்குது?"

பதில் பின்னாலிருந்து வந்தது. "அக்கா கொடுத்த நாள்லேர்ந்து." தங்கை எழுந்து வந்து கதவருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட சுருளி தாங்கியிருப்பாள். ஆனால் தங்கை அக்காவைச் சுற்றிக்கொண்டு, அவள் மேல் படாதபடி ஒதுங்கி, டாக்டரம்மாவின் பக்கத்தில் போய் நின்று, "என் பிள்ளை பிழைச்சுக்குமா?" என்று கேட்டாள்.

"ரத்தமும் சிறுநீரும் எடுத்து அனுப்பிடலாம். முடிவு வர நாளாகும். அதுவரைக்கும் இப்பக் கொடுக்குற சிகிச்சையே போகட்டும்." டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டுச் சுருளியின் பக்கம் திரும்பினார். "நீங்க கையைக் காட்டுங்க."

சுருளி நீட்டினாள். உள்ளங்கையில் தோல் தடித்து, சின்னச் சின்னப் பருக்களாகச் சொரசொரவென்று இருந்தது. உளி பிடித்துக் காய்த்த கை என்று அவள் நினைத்திருந்தாள். டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்தார். "உங்களுக்கும் எடுக்கணும்," என்றார். சுருளிக்கு அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. ஊசிக்குக் கையை நீட்டியபோதும் அவள் பார்வை கூடத்துக் கட்டிலின் மேலேயே இருந்தது.

கணவன் மத்தியானம் வந்து சேர்ந்தான். மாடிப்படியின் திருப்பத்தில் நிறுத்தி அவளிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டான். எப்போதும் வளவளவென்று பேசுகிறவன், குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இங்க பாரு. முடிவு வரட்டும். அதுக்குள்ள நீயா போய் 'நான் விஷம் வித்தேன்'னு ஊர்ல சொல்லிக்கிட்டு நிக்காத. பிள்ளைக்கு வேற ஏதாவது காரணமா இருந்துட்டா?"

"முடிவு வர்ற வரைக்கும் அவங்க சமைக்காம இருப்பாங்களாங்க?"

"போலீஸ் வரும் சுருளி. உன்னைத்தான் முதல்ல பிடிச்சு உட்கார வெப்பாங்க. நானும் நீயும் உள்ள போயிட்டா யாருக்கு என்ன லாபம்? கொஞ்சம் பொறு. நான் சொல்றதைக் கேளு."

அவன் பயம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால், யார் யார் வீட்டிலோ அந்தத் தேன் நிறப் பலகை மேல் கத்தி இறங்குவது தெரிந்தது. நறுக்க நறுக்கச் சாறு உள்ளே இறங்கும், உள்ளே இருப்பது வெளியே வரும். "நீங்க வராட்டி பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

முதலில் போனது, பட்டறைத் தெரு முனையில் இருந்த உணவு விடுதிக்கு. அங்கே சமையல் மாஸ்டருக்கு அவள் ஆள் மடி அகலத்துக்கு ஒரு வெட்டுக்கட்டை செய்து கொடுத்திருந்தாள். மாஸ்டர் வெட்டிக்கொண்டே கேட்டார், பாதியில் சிரித்துவிட்டார்.

"இந்தக் கட்டையில நான் வெட்டி, அந்த ஆளுங்க தின்னு, மறுநாளும் அதே ஆளுங்க வந்து குழம்புல உப்பு இல்லன்னு சண்டைக்கு நிக்கிறாங்க. விஷமா இருந்தா இந்நேரம் என் நிம்மதிக்கு ஒரு வழி பிறந்திருக்கும்."

"மாஸ்டர், என் தங்கச்சி பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்குது."

கத்தி நின்றது. அவர் தான் வெட்டி வைத்த காய்க் குவியலைப் பார்த்தார். வாயிலிருந்த பாக்கைத் துப்பினார். பிறகு யாரையும் கேட்காமல் அந்தக் குவியலை அப்படியே குப்பையில் தள்ளிவிட்டு, கட்டையைத் துணியில் சுற்றி அவள் ஸ்கூட்டரில் வைத்தார். அப்புறம் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார்.

வாங்கியவர்களில் வீடு தெரிந்தவர்களிடமெல்லாம் போனாள். எல்லாரும் மாஸ்டரைப் போல இல்லை. அழகாக இருக்கிறது என்று ஒரு பெண் பலகையைத் தரவே மாட்டேன் என்றாள். வேறு யாருக்கோ கூடுதல் விலைக்குக் கொடுக்கத்தான் இந்த நாடகம் என்றாள். இன்னொரு வீட்டில் கிழவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து, போன வாரத்திலிருந்து தமக்கு வந்த ஒவ்வொரு வலியையும் சொல்லி, "இது அதனாலயா? இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்கு என்ன தெரியும்? தெரியாது, தெரியாது என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் வெளுத்தது.

எல்லாவற்றையும்விட, கடிக்கும் வளையம் வாங்கிய ஓர் இளைஞனின் வீடுதான் அவளைக் கலங்கடித்தது. கதவைத் திறந்தவன் தோளில் துண்டு போட்டிருந்தான். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டான். பிறகு கதவைச் சாத்தினான். உள்ளே அவன் வேகமாக நடப்பது கேட்டது. தூங்கும் குழந்தையை எழுப்பி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கண்ணைத் திற, அப்பாவைப் பாரு, அப்பாவைப் பாருடா," என்று சொல்வது கேட்டது. குழந்தை சிணுங்கும் சத்தம் வரும்வரை சுருளி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள். கதவு திறந்து வளையம் வெளியே வந்து விழுந்தது. அது உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. அவள் ஓடிப்போய் எடுத்தாள்.

பட்டாணி மெல்லத் தேறினாள். வாந்தி நின்றது, பால் தங்கியது. சுருளி கூடத்துக்கு வெளியே கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். உள்ளே வர வேண்டாம் என்று தங்கை சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. தங்கையின் கணவன் மட்டும் இடையிடையே வந்து, "இன்னைக்கு கொஞ்சம் குடிச்சாண்ணி," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவான்.

முடிவுகள் வந்த அன்று டாக்டரம்மா எல்லாரையும் அறைக்குள் உட்கார வைத்தார். கணவனும் வந்திருந்தான்.

"குழந்தைக்கு வந்தது தொற்று. இந்த வாரம் இங்க படுத்திருக்கிற பாதிப் பிள்ளைங்களுக்கு அதேதான். வளையத்துனால வந்த வாந்தி இல்லை அது."

கணவன் பெரிதாக மூச்சு விட்டான். "நான் சொன்னேன்ல," என்று சுருளியிடம் திரும்பியவன், டாக்டரம்மா கையை உயர்த்தியதும் அடங்கினான்.

"இருங்க. குழந்தை உடம்புல ஆர்சனிக்கும் இருக்கு. கொஞ்சம்தான். வளையம் கையை விட்டுப் போயிட்டதால தானா இறங்கிடும், நாம பார்த்துக்கிட்டே இருப்போம். தொற்று வராம இருந்திருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. இன்னும் மாசக்கணக்குல கடிச்சுக்கிட்டு இருந்திருப்பா."

தங்கை குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எனக்குக் கவலை குழந்தை இல்லை," என்றார் டாக்டரம்மா. தாளைப் புரட்டிச் சுருளியைக் காட்டினார். "இவங்கதான். அவங்க எல்லாரும் அந்த மரத்தைத் தொட்டாங்க, அதுல வெட்டினாங்க. இவங்க அதை மூச்சாவே இழுத்திருக்காங்க. பொடியா, நாள் முழுக்க, ஜன்னலைச் சாத்திக்கிட்டு. கால்ல ஊசி குத்துற மாதிரி மதமதன்னு இருக்காம்மா?"

இருந்தது. நின்றே வேலை செய்வதால் என்று சுருளி நினைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. இருமி முடிக்கும்வரை அறையில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். எத்தனையோ தடவை அவர்கள் கேட்ட இருமல்தான் அது. இப்போது முதல் தடவையாகக் கேட்பது போலக் கேட்டார்கள்.

"இன்னைக்கே சேர்ந்துடுங்க. மருந்து ஆரம்பிக்கணும். நுரையீரல், ஈரல் எல்லாம் பார்க்கணும். என்ன வரும்னு இப்ப நான் சொல்ல முடியாது."

அவ்வளவு நாளும் அவள் அடுத்தவர் வீட்டுக் கதவுகளுக்காகப் பயந்திருந்தாள். தனக்காகப் பயப்பட இடம் இருக்கவில்லை. இப்போது அது மொத்தமாக வந்து சேர்ந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் கணவனைப் பார்த்தாள். போலீஸ் வரும், பொறு பொறு என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதன், அவள் கையை எடுத்துத் திருப்பி, தடித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவனுக்குப் பேச்சு நின்றுபோய் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு இன்னும் பயமானது.

அந்த வாரச் சந்தைக்கு அவன் சாமான் எதையும் எடுத்துப் போகவில்லை. தான் எப்போதும் கடை விரிக்கும் இடத்தில் வெறும் தரையில் நின்றுகொண்டு, கப்பல் மரம், ஆசிட் மரம் என்று கூவிய அதே தொண்டையில், எங்ககிட்ட வாங்கின தேக்குச் சாமான் எது இருந்தாலும் கொண்டாங்க, அதுல சாப்பிடாதீங்க, ஆஸ்பத்திரியில போய்க் காட்டுங்க என்று கத்தினான். ஒருவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். இன்னொருத்தி வாங்கிய கிண்ணத்தை அவன் மார்பிலேயே எறிந்தாள். அவன் குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு மறுபடி கத்தினான். பலகை தர மறுத்த பெண்ணின் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து வாங்கி வந்தான். இதையெல்லாம் அவன் வந்து சொல்லவில்லை. சமையல் மாஸ்டர் சுருளியைப் பார்க்க வந்தபோது சொன்னார்.

போலீசும் வந்தது. சுகாதாரத் துறை ஆட்களோடு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. மேஸ்திரியைத் தேட வேண்டிய வேலை இருக்கவில்லை. பலகைகளை உடைத்துப் பிரித்த தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, அவரே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்து கீழ்த்தளத்து வரிசையில் நின்றிருந்தார். ஒரு நாள் கீழே வந்த சுருளியைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "நல்ல மரம்னு நினைச்சேம்மா," என்றார்.

பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். முகம் முழுக்க மூடிய வெள்ளை உடையில் ஆட்கள் வந்து பலகைகளையும், பொடியையும், திரும்பி வந்த சாமான்களையும் பீப்பாய்களில் அடைத்துக் கொண்டுபோனார்கள். எரிக்கக் கூடாதாம், எரித்தால் புகையில் ஏறி வருமாம். புதைக்கவும் கூடாதாம். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கணவன் கேட்டபோது அடுத்த பீப்பாயை உருட்டினார்கள். வந்து சேராத சாமான்களும் இருந்தன. பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, அகப்பை ஒன்றை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு மறுபடி பேருந்து ஏறிய ஒரு பெண்ணை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எந்த ஊர் என்று கேட்டிருக்கலாம். ஊர் உலகத்தையெல்லாம் கேட்கிறவன் அன்று கேட்கவில்லை.

மருந்து நீண்ட நாள் போனது. இருமல் குறைந்தது. கால் மதமதப்பு முழுக்கப் போகவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து புதுத் தோல் வந்தது. இனி ஆயுள் முழுக்க அவ்வப்போது வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எதைக் காட்டுவதற்கு என்று சுருளி கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. தங்கை, இடுப்பில் பட்டாணி. நிலைப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். உட்காரும் முன் நாற்காலியைத் தடவிப் பார்த்தாள்.

"இது எந்த மரம்?"

"கடையில வாங்கினது. நான் செஞ்சதில்லை."

தங்கை உட்கார்ந்தாள். குழந்தை இறங்கத் துடித்தது. தரையில் விட்டதும் நாலு காலில் நேராகப் பெரியம்மாவிடம் வந்து, முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, அவள் விரலைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோனது. கீழே வெள்ளையாகப் பல் முளைத்திருந்தது. சுருளி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். குழந்தை நிலை தடுமாறி உட்கார்ந்து அழுதது.

"தூக்கேன்க்கா," என்றாள் தங்கை.

"வேண்டாம்டி. கை..."

"கையைக் கழுவிட்டு வா. நான் பிடிச்சுக்கறேன்."

சுருளி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். சோப்புப் போட்டு, நக இடுக்கில் தேய்த்து, முழங்கை வரைக்கும் கழுவினாள். மறுபடியும் சோப்புப் போட்டாள். கூடத்தில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எதையோ தட்டி விளையாடுவது கேட்டது. தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. அவள் மூன்றாம் முறையாகச் சோப்பை எடுத்தாள்.

தங்கை பின்னால் வந்து நின்றாள். கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"போதும்க்கா," என்றாள். தன் முந்தானையால் அக்காவின் கைகளை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள்.

சுருளி போய்க் குழந்தையைத் தூக்கினாள். அது அவள் விரலைத் தேடியபோது, கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.